ஹிமா என்னும் காப்புநிலம்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஹாஜிகளுக்கு நம் ஊர் ஆலிம்கள் வகுப்பு நடத்தும்போது, இஹ்ராம் அணிந்தவர் தவிர்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி வருவார்கள். நறுமணம் பூசலாகாது; முடி களையலாகாது; நகம் வெட்டலாகாது. ஹாஜிகளும் கவனத்துடன் கேட்டுத் தலையசைப்பார்கள். வேட்டையாடலாகாது என்னும் விதி வரும்போது மட்டும் சபையில் ஓர் இளநகை பரவும். விமானத்தில் ஜித்தாவில் இறங்கி, பேருந்தில் மக்கா சென்று, அடுக்குமாடி விடுதியில் தங்கப்போகிறவர் எந்த மானை வேட்டையாடப் போகிறார்! ஆலிமும் அந்த விதியை இரண்டு வார்த்தைகளில் முடித்துக்கொண்டு அடுத்ததற்குச் சென்றுவிடுவார்.

ஃபிக்ஹு நூல்களோ அவ்வளவு விரைவாக அதைக் கடந்து செல்வதில்லை. இஹ்ராமில் இருப்பவர் தரை வாழ் வேட்டைப் பிராணி ஒன்றைக் கொன்றுவிட்டால், அதற்கு நிகரான கால்நடை ஒன்றைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்பதும், எது எதற்கு நிகர் என்பதை நீதியுள்ள இருவர் தீர்மானிக்க வேண்டும் என்பதும் திருமறை வகுத்த சட்டம். நபித்தோழர்கள் அளித்த தீர்ப்புகளைச் சட்ட மேதைகள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தீக்கோழியைக் கொன்றவர் ஓர் ஒட்டகம் கொடுக்க வேண்டும். காட்டு மாட்டைக் கொன்றவர் ஒரு நாட்டு மாடு கொடுக்க வேண்டும். மானுக்கு ஓர் ஆடு. கழுதைப்புலிக்கு ஒரு கிடா. முயலுக்கு ஓர் இளம் வெள்ளாட்டுக் குட்டி. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் இந்தப் பட்டியல் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்திருக்கிறது.

இப்பட்டியலைச் சட்டமாக மட்டும் படிக்காமல் சரித்திரமாகவும் படிக்கலாம் என்பது நம் கருத்து. மக்கா நோக்கிய பாதையில் ஒரு பயணி எதிர்கொள்ளக்கூடிய பிராணிகள் எவை என்பதற்கு இது ஓர் ஆவணம். பாலை என்றதும் மணலையும் ஒட்டகத்தையும் தவிர வேறெதுவும் நம் மனக்கண்ணில் தோன்றுவதில்லை. அந்த மண்ணில் தீக்கோழிகள் ஓடித் திரிந்தன. அரபிகள் 'காட்டு மாடு' என்று அழைத்தது மாடன்று. ஓரிக்ஸ் என்று இன்று உலகம் சொல்லும் வெண்ணிற மான். அதற்கு 'மஹா' என்றும் பெயர் உண்டு. அதன் கரிய பெரிய விழிகளைக் காதலியின் விழிகளுக்கு ஒப்பிடாத பழைய அரபிக் கவிஞர் அரிது. இன்றும் அரபு நாடுகளில் பெண் குழந்தைகளுக்கு அப்பெயரைச் சூட்டுகிறார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அரேபியத் தீக்கோழி இனம் அற்றுப்போயிற்று. 1972-இல் ஓமன் நாட்டுப் பாலையில் கடைசி ஓரிக்ஸ் கூட்டமும் வேட்டைக்கு இரையாயிற்று. சட்டம் நூலில் இருந்தது. அச்சட்டம் காத்த பிராணிகள் நிலத்தில் இல்லை. 1,300 ஆண்டுகளுக்கு மேல் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்தவை ஓரிரு தலைமுறைக்குள் எப்படி மறைந்தன? இந்த வினாவுக்கு விடை தேடிச் சென்றால் நாம் வந்து நிற்கும் இடம் 'ஹிமா' என்னும் ஒரு சொல்.

ஹிமா என்றால் காக்கப்பட்ட இடம் என்று பொருள். நம் ஊர் மந்தைவெளியையும் மேய்ச்சல் புறம்போக்கையும் நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். ஆனால் மந்தைவெளி எல்லாருக்கும் திறந்திருப்பது. ஹிமாவோ காவலுக்கு உட்பட்டது. யார் காப்பது, யாருக்காகக் காப்பது, யாரை உள்ளே விடுவது என்பதில்தான் அதன் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தில் ஹிமா என்பது வலியவனின் வேலி. ஒரு குலத்தலைவன் செழிப்பான இடத்தில் வந்து இறங்கினால், மேடான ஓரிடத்தில் ஒரு நாயை நிறுத்திக் குரைக்கச் செய்வானாம். அதன் குரல் எத்திசையில் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவும் அவன் ஹிமா. அதற்குள் வேறெவர் மந்தையும் நுழையக்கூடாது. அவன் மந்தை மட்டும் அதற்கு வெளியேயும் மற்றவர்களோடு சேர்ந்து மேயலாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

தக்லிப் குலத்தலைவன் குலைபின் கதையை அரபிகள் எல்லாரும் அறிவர். அவனுடைய ஹிமாவில் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருந்தது. அப்பறவைக்கு அவன் அடைக்கலம் அளித்திருந்தான் என்கிறது கதை. பஸூஸ் என்ற பெண்மணியின் விருந்தாளிக்குச் சொந்தமான பெண் ஒட்டகம் ஒன்று வழிதவறி அங்கே புகுந்து அம்முட்டைகளை மிதித்து நசுக்கிவிட்டது. குலைப் வில்லை எடுத்தான். அம்பு ஒட்டகத்தின் மடியில் தைத்தது. பாலும் இரத்தமும் கலந்து வடிய அது தன் உரிமையாளனிடம் திரும்பி வந்தது. பஸூஸ் தலையில் அடித்துக்கொண்டு கூக்குரலிட்டாள். அவளுடைய உறவினன் ஜஸ்ஸாஸ், குலைபின் மனைவிக்கு உடன்பிறந்தவன், சென்று குலைபைக் கொன்றான். பக்ர், தக்லிப் என்னும் இரு சகோதரக் குலங்களும் அதன்பின் 40 ஆண்டுகள் ஒன்றையொன்று வெட்டி மாய்ந்தன என்பது மரபு.

இக்கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஒட்டகத்துக்காக 40 ஆண்டுப் போரா என்று வியந்து நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு அந்தப் பறவை முக்கியமாகப் படுகிறது. குலைப் ஒரு பறவையின் முட்டைக்காக இரங்கியவன்தான். ஆனால் அந்த இரக்கம் அவனுடைய தனி உரிமையின் பகுதியாக இருந்தது. அயலானின் ஒட்டகத்துக்கு அதில் பங்கில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த வழக்கத்தை ஒரே அறிவிப்பால் முறித்தார்கள். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே அன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என்பது ஸஅபு இப்னு ஜத்தாமா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி. தனிமனிதன் பொதுநிலத்தை வளைத்துக்கொள்வது அன்றோடு தடையாயிற்று. பொதுநலனுக்காக ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர் ஒதுக்கலாம் என்பது மட்டும் நின்றது. பெருமானார் அவர்களே மதீனாவுக்குத் தெற்கே நகீஃ என்னும் புல்வெளியை முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். ('நகீஃ' வேறு, அடக்கத்தலமான 'பகீஃ' வேறு. அரபியில் ஒரு புள்ளியின் இடமாற்றம்தான் வேறுபாடு என்பதால் சில தமிழ் நூல்களில் இரண்டும் குழம்பிக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம்.)

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நம்மவரில் சிலர் ஆர்வ மிகுதியால், வனவிலங்குச் சரணாலயத்தை உலகுக்கு முதலில் தந்தது நகீஃதான் என்று எழுதிவிடுகிறார்கள். நகீஃ ஒதுக்கப்பட்டது மானுக்காக அன்று, போர்க்குதிரைக்காக. புல் காக்கப்பட்ட இடத்தில் மற்ற உயிர்களும் பிழைத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் நோக்கத்தை இன்றைய சொற்களால் மாற்றி எழுதுவது சரித்திரத்துக்குச் செய்யும் மரியாதையாகாது.

காட்டு உயிர்களுக்காகவே பாதுகாப்பு உண்டா என்றால், அது ஹரம் எல்லைகளில் உண்டு. மக்கா வெற்றியின்போது, கி.பி. 630-இல், அந்நகரின் எல்லைக்குள் வேட்டைப் பிராணிகளை விரட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, தானாக முளைத்த புல்லைப் பிடுங்கக்கூடாது என்று பெருமானார் அறிவித்தார்கள். அப்போது அவர்களுடைய சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, இத்கிர் புல்லுக்கு விதிவிலக்கு வேண்டும் என்று கேட்டார்கள். கொல்லர்களின் உலைக்கும், வீட்டுக் கூரைக்கும், கப்றுகளுக்கும் அது தேவைப்படுகிறது என்றார்கள். அந்த இடத்திலேயே இத்கிருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் பிறக்கும் அந்தக் கணத்திலேயே கொல்லனின் உலை நினைவுகூரப்பட்டதையும், அந்தக் குரல் கேட்கப்பட்டதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மதீனாவுக்கும் அவ்வாறே எல்லை வகுக்கப்பட்டது. இருபுறமும் உள்ள கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட நிலம் ஹரமாக்கப்பட்டது. சுற்றிலும் 12 மைல் ஹிமாவாக ஒதுக்கப்பட்டது. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றைத் திடுக்கிடச் செய்யமாட்டேன் என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிப்பு இருக்கிறது. ஊருக்கு அருகிலேயே மான்கள் மேய்ந்தன என்பதற்கும் அதுவே சான்று. அகீக் பள்ளத்தாக்கில் மரம் வெட்டிய ஒருவனின் உடைமைகளை ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் பறிமுதல் செய்தார்கள். அவனுடைய எசமானர்கள் வந்து கேட்டபோது திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மதீனாவின் ஹரம் மக்காவின் ஹரத்தைப் போன்றதன்று என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. ஷாஃபிஈ அறிஞர்கள் அங்கும் வேட்டை கூடாது என்பர். தாயிஃபை ஒட்டிய வஜ்ஜு பள்ளத்தாக்கிலும் வேட்டை கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தனிக் கருத்து. தாயிஃப் என்ற பெயரைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மீண்டும் அங்கு வருவோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் (கி.பி. 634–644) நாடு விரிந்தது, படையும் பெருகியது. ஜகாத்தாக வந்த ஒட்டகங்களும், படைக்கான குதிரைகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. ஓராண்டில் 40,000 ஒட்டகங்களைப் போர்வீரர்களுக்கும் பயணிகளுக்கும் அவர்கள் ஊர்தியாக அளித்தார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு குறிப்புக் காணப்படுகிறது. இத்தனை பிராணிகளும் எங்கே மேயும்? ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை உமர் (ரலி) அவர்கள் ஹிமாவாக்கினார்கள். ரபதா மதீனாவிலிருந்து சுமார் 200 கி.மீ. கிழக்கே உள்ளது. அபூதர் (ரலி) அவர்கள் தம் இறுதி நாட்களைத் தனிமையில் கழித்து மறைந்த ஊர் அதுதான். பிற்காலத்தில் கூஃபாவிலிருந்து மக்கா வரும் ஹாஜிகளின் பெருவழியில் அது ஒரு செழிப்பான தங்குமிடமாக இருந்து, பின்பு பாழாகி மணலுக்குள் மறைந்தது. 1979 முதல் ரியாத் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழாய்வு செய்து வீடுகளையும் பள்ளிவாசல்களையும் நீர்த்தொட்டிகளையும் வெளிக்கொணர்ந்தனர்.

அந்த ஹிமாவுக்குக் காவலராக உமர் (ரலி) அவர்கள் நியமித்தது ஹுனை என்பவரை. விடுதலை செய்யப்பட்ட அடிமை அவர். பெரிய குலமோ செல்வமோ பின்பலமாக இல்லாதவர். அவருக்குக் கலீஃபா தந்த அறிவுரையை, உமரின் மற்றொரு விடுதலை பெற்ற அடிமையான அஸ்லம் அறிவிக்க, புகாரியும் முவத்தாவும் பாதுகாத்து வைத்திருக்கின்றன. அதன் சாரத்தை நம் நடையில் தருகிறோம்.

மக்களிடம் மென்மையாக நடந்துகொள்ளுமாறு முதலில் சொன்னார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சுமாறு எச்சரித்தார்கள். சில ஒட்டகங்களோ சில ஆடுகளோ மட்டும் உள்ளவன் வந்தால் உள்ளே விட்டுவிட வேண்டும். ஆனால் இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் அருகில் அண்டவிடக் கூடாது! அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) இருவரும் யார்? சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் இருவர், மதீனாவின் பெருஞ்செல்வர்கள், கலீஃபாவின் நெருங்கிய தோழர்கள். இவ்விருவரையும் பெயர் சொல்லித் தடுத்துவிட்டு, உமர் (ரலி) அவர்கள் காரணமும் சொன்னார்கள். அவர்களுடைய கால்நடைகள் அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் நாலு ஆடு செத்தால் அவன் பிள்ளைகுட்டிகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியாது. அப்போது பைத்துல்மாலிலிருந்து பொன்னும் வெள்ளியும் எடுத்துக் கொடுப்பதைவிட, இன்று புல்லும் தண்ணீரும் கொடுத்துவிடுவது எளிது.

எவ்வளவு நுட்பமான கணக்கு! ஏழைக்கு இரங்க வேண்டும் என்ற அறிவுரையைக் கருவூலக் கணக்கோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். அதோடும் விடவில்லை. இந்த நிலம் அம்மக்களுடையது. அறியாமைக் காலத்தில் இதற்காகப் போரிட்டவர்கள் அவர்கள். இதில் இருந்துகொண்டே இஸ்லாத்தை ஏற்றவர்கள். தமக்கு அநீதி செய்துவிட்டேன் என்று அவர்கள் எண்ணத்தான் செய்வார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். இறைவழியில் ஊர்தியாக அளிக்க வேண்டிய பிராணிகள் மட்டும் இல்லையென்றால் ஒரு சாண் நிலத்தைக்கூட ஒதுக்கியிருக்க மாட்டேன் என்றார்கள். ஒரு நாட்டுப்புற அரபி நேரில் வந்து, எங்கள் நிலத்தை ஏன் வளைத்தீர் என்று கேட்டபோது, உமர் (ரலி) அவர்கள் தலையைக் குனிந்து, மீசையை முறுக்கிப் பெருமூச்சு விட்டார்கள் என்று அபூ உபைதின் நூல் கூறுகிறது. மனம் கலங்கினால் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். அரசு பொதுநிலத்தை ஒதுக்குவது சில வேளைகளில் தேவைதான்; ஆனால் அதைச் செய்கிற ஆட்சியாளருக்கு அது உறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி நமக்குத் தெரிந்து வேறில்லை.

உஸ்மான் (ரலி) அவர்கள் கலீஃபாவானபோது ஹிமாக்கள் மேலும் விரிந்தன. இது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குறைகளுள் ஒன்றாயிற்று. தமக்கு முன்பே ஒதுக்கப்பட்ட நிலம்தான் அது. ஜகாத் ஒட்டகங்கள் பெருகியதால் பெரிதாக்க நேர்ந்தது என்று அவர்கள் விளக்கினார்கள். சொந்த மந்தைக்காக அவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. ஆயினும், பொதுநிலம் பற்றிய ஐயம் மக்கள் மனத்தில் எவ்வளவு விரைவில் கசப்பாகிறது என்பதை அந்நாளைய வரலாறு காட்டுகிறது.

பின்வந்த சட்ட மேதைகள் இவற்றிலிருந்து நெறிகளை வகுத்தார்கள். கி.பி. 1058-இல் மறைந்த மாவர்தீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவர், ஆட்சியியல் பற்றிய தம் பெருநூலில் ஹிமாவுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார்கள். தரிசு நிலம் முழுவதையுமோ பெரும்பகுதியையுமோ ஹிமாவாக்குவது கூடாது. செல்வர்களுக்காக மட்டும் ஒதுக்கி ஏழைகளைத் தடுப்பது கூடாது. மேய்ச்சலுக்கு எந்த அதிகாரியும் கட்டணம் வாங்கக்கூடாது. தண்ணீர், நெருப்பு, புல் ஆகிய மூன்றிலும் எல்லாரும் பங்காளிகள் என்பது நபிவழி. கட்டணம் பற்றிய இந்த விதியைப் படிக்கும்போது, நம் காலத்து வனத்துறைக் காவலர்களும் மேய்ச்சல் சீட்டும் நினைவுக்கு வராமல் இல்லை.

கலீஃபாக்களின் பெரிய ஹிமாக்கள் காலப்போக்கில் மறைந்தன. ஆனால் ஹிமா மறையவில்லை. தாயிஃப், அல்பாஹா, அஸீர் மலைகளில் குலங்களும் கிராமங்களும் தத்தம் ஹிமாவைக் காத்து வந்தன. சிலவற்றில் மேய்ச்சலே கிடையாது. பஞ்ச காலத்தில் மட்டும் புல்லை அறுத்துச் செல்லலாம். சிலவற்றில் பூத்துக் காய்த்து விதை உதிர்ந்தபின் மந்தைகளை விடுவார்கள். தேனீ வளர்ப்புக்கென்றே சில. அங்கு பூக்கும் பருவம் முடியும் வரை ஆடுமாடு நுழையாது. மரங்களைக் காப்பதற்கென்றே சில. இந்த முறையை ஆராய்ந்து உலக உணவு வேளாண் நிறுவனத்துக்கு எடுத்துரைத்தவர் உமர் தர்ராஸ் என்னும் எகிப்து நாட்டு மேய்ச்சல் நில வல்லுநர். சவூதி அரேபியாவில் ஏறத்தாழ 3,000 ஹிமாக்கள் இருந்ததாக 1969-இல் அவர் மதிப்பிட்டார்.

அவர் எழுதிய காலத்திலேயே அவை அழிந்துகொண்டிருந்தன. 1950-களின் முற்பகுதியில் சவூதி அரசாணை ஒன்று குல ஹிமாக்களை எல்லார் மந்தைக்கும் திறந்துவிட்டது. நோக்கம் தீயதென்று சொல்ல மாட்டோம். குலங்களின் தனியுரிமையை ஒழித்து நாட்டை ஒன்றாக்கும் எண்ணம் அதில் இருந்தது. புல் எல்லாருக்கும் பொது என்ற நபிவழியும் அதற்கு ஆதரவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் காவலை எடுத்துவிட்டு வேறு காவலை வைக்காததால் விளைந்தது வேறு. அதே ஆண்டுகளில் எண்ணெய்ச் செல்வம் வந்தது, லாரி வந்தது. முன்பெல்லாம் கிணறு வற்றினால் மந்தை வேறிடம் போகும். புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். இப்போது லாரி மந்தையையும் ஏற்றிக்கொண்டு போயிற்று, தண்ணீரையும் மந்தை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்தது. விலை குறைத்து வழங்கப்பட்ட வாற்கோதுமைத் தீவனத்தால் மந்தைகளின் எண்ணிக்கையும் பெருகியது. எங்கு மழை பெய்தாலும் மறுநாளே அங்கு நூறு மந்தை. வேர் பிடிக்கும் முன்பே தளிர் மறைந்தது. வேல மரங்கள் விறகாயின.

வேட்டையிலும் இயந்திரம் புகுந்தது. ஒட்டகத்தின் மேல் இருந்து வில்லோடு துரத்தியவனுக்கு ஓரிக்ஸ் எளிதில் அகப்படாது. மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் செடிகளின் ஈரத்தைக்கொண்டே வாழக்கூடியது அது; எங்கோ தொலைவில் பெய்த மழையை நாடி இரவு முழுதும் நடக்கக்கூடியது. ஆனால் திறந்த பாலையில் ஜீப்புக்கும் தானியங்கித் துப்பாக்கிக்கும் முன்னால் அது எங்கே போய் ஒளியும்? வெண்மையே அதற்குப் பகையாயிற்று.

1962-இல் பிரிட்டனின் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, மேஜர் இயான் கிரிம்வுட் தலைமையில் ஏடன் பாதுகாப்புப் பகுதியின் கிழக்கு எல்லைக்கு ஒரு குழுவை அனுப்பியது. பிடிபட்டவை நான்கு, ஒன்று இறந்துபோக எஞ்சியவை மூன்று. இலண்டன் விலங்கியல் பூங்கா ஒன்றையும், குவைத்திலிருந்து ஒன்றையும், சவூதி மன்னர் ஸஊத் அவர்கள் இரண்டு இணைகளையும் கொடுத்தனர். ஆக ஒன்பது! இந்த ஒன்பதும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரப் பூங்காவில் வளர்க்கப்பட்டன. அரபிக் கவிதையின் மஹா, அரேபியாவில் அற்றுப்போய் அமெரிக்காவில் பிழைத்திருந்தது.

சுல்தான் காபூஸ் அவர்கள் அதைத் திரும்பக் கொணர முடிவு செய்தார்கள். 1982 ஜனவரி இறுதியில், ஜித்தத் அல்ஹராஸிஸ் என்னும் கல்வெளியில், யாலூனி என்ற இடத்தில் பத்து ஓரிக்ஸ்கள் வேலிக்கு வெளியே விடப்பட்டன. அவற்றைக் காக்கும் பணி ஹராஸிஸ் குலத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்த வெளியில் பிறந்து வளர்ந்த பதூவிகள் அவர்கள். கல்லின்மேல் பதிந்த தடத்தைக்கூடப் படிக்கத் தெரிந்தவர்கள். மந்தையில் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார்கள். 1996-க்குள் 400-க்கும் மேலாகப் பெருகிற்று. இடையில், 1994-இல் யுனெஸ்கோ அந்நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1996-இல் திருட்டு வேட்டை தொடங்கியது. கொல்வதற்கன்று, உயிரோடு பிடித்துச் செல்வந்தர்களின் தனிப் பூங்காக்களுக்கு விற்பதற்கு. விலை அதிகம் என்பதால் பெண் மான்களையும் கன்றுகளையுமே குறிவைத்தனர். வெயிலில் துரத்தப்பட்டுப் பிடிபட்டவற்றுள் பல வழியிலேயே மாண்டன. சில ஆண்டுகளில் வெளியில் திரிந்தவை அனைத்தும் ஆண்களாகவே இருந்தன. காவல் இருந்த பதூவிகள் துப்பாக்கிச் சண்டைக்கும் அஞ்சாமல் போராடினாலும், எல்லை தாண்டி ஓடும் வண்டிகளை எத்தனை நாள் துரத்த முடியும்? 2007-இல் எஞ்சியவை 65 என்று கணக்கிட்டனர். இனம் பெருக்கும் இணைகள் நான்கு மட்டுமே. அவ்வாண்டே ஓமன் அரசு எண்ணெய் தேடும் பொருட்டுக் காப்புநிலத்தின் பரப்பை 90 விழுக்காடு குறைத்தது. யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பட்டியலிலிருந்து ஓரிடம் நீக்கப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. குலைபின் நாய்க்குரல் வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றிற்று; அழகிய பிராணியைத் தன் மதிலுக்குள் வைத்துக்கொள்ள விரும்பியவனும் அதை நேசிப்பதாகவே சொல்லியிருப்பான்.

சவூதி அரேபியாவில் மாற்றம் 1980-களில் வந்தது. இயற்கைப் பாதுகாப்பு பற்றிய இஸ்லாமிய நெறிகளைத் தொகுத்து அந்நாட்டு அறிஞர்கள் எழுதிய நூல் 1983-இல் வெளியாயிற்று. ஹிமா அதில் மீண்டும் பேசப்பட்டது. 1986-இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒரு தேசிய ஆணையம் அமைந்தது. வெளியுறவு அமைச்சராக இருந்த இளவரசர் ஸஊத் அல்ஃபைஸல் அதை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டில் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. அது அமைந்த இடம் தாயிஃப். வஜ்ஜு பள்ளத்தாக்கின் வேட்டைத் தடையை நூல்களில் ஓதியவர்களுக்கு இந்தப் பொருத்தம் வியப்பளிக்கும். அங்கு வளர்க்கப்பட்ட ஓரிக்ஸ்கள் 1990-இல் மஹாஸத் அஸ்ஸைத் என்னும் 2,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட வெளியில் விடப்பட்டன. சுற்றிலும் வேலியிட்டு, ஆடும் ஒட்டகமும் நுழையாமல் தடுத்திருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அற்றுப்போனதாகக் கருதிய புற்கள் முளைத்தன. ஹுபாராப் பறவைகளும் மான்களும் வந்து சேர்ந்தன. அரேபியத் தீக்கோழி இனி இல்லையாதலால், அதற்கு மிக நெருங்கிய ஆப்பிரிக்கச் செங்கழுத்துத் தீக்கோழியை 1994-இல் கொண்டுவந்து விட்டார்கள்.

வேலி காத்தது, வேலியே கொல்லவும் செய்தது. மழையில்லாத ஆண்டுகளில் ஓரிக்ஸ் தன் இயல்புப்படி மழை பெய்த திசை நோக்கி நடந்தது. வேலி குறுக்கே நின்றது. அதன் ஓரத்திலேயே நூற்றுக்கணக்கில் ஓரிக்ஸ்களும் மான்களும் பசியால் மடிந்தன. இந்தப் பாடத்துக்கு முன்பே, 1995 முதல், பாலைப் பெருவெளியான ருபுஉல் காலியின் மேற்கு விளிம்பில் உருக் பனீ மஆரிள் என்னும் இடத்தில் வேலியே இல்லாமல் ஓரிக்ஸ்களை விட்டிருந்தார்கள். 12,000 சதுர கி.மீ.க்கும் அதிகமான மணற்குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் அடங்கிய பரப்பு அது. அங்கும் திருட்டு வேட்டை நடந்தது, காவலும் தொடர்ந்தது. 2011-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், காட்டில் அற்றுப்போன நிலையிலிருந்து மீண்டு இவ்வளவு தூரம் ஏறிவந்த முதல் இனம் அரேபிய ஓரிக்ஸ் என்று அறிவித்தது. அப்போது வெளியில் உலவியவை சுமார் 1,000. 2023-இல் யுனெஸ்கோ உருக் பனீ மஆரிளைத் தன் பட்டியலில் சேர்த்தது.

2018-இல் சவூதி அரசு அரச ஆணையால் மேலும் பல பெரிய காப்புநிலங்களை ஏற்படுத்தியது. லெபனானிலோ 2004 முதல் ஒரு தன்னார்வச் சங்கம் வேறு வழியில் செல்கிறது. ஊராட்சியோடும் ஊர்மக்களோடும் பேசி, அவர்களே காக்கும் சிறு சிறு ஹிமாக்களை, அதே பழைய பெயரில், அது நிறுவி வருகிறது. அளவில் பார்த்தால் லெபனானின் ஹிமாக்கள் அரேபியப் பெருவெளிகளின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் வாசலில் நிற்பவர் அந்த ஊர்க்காரர்; வருகிற ஆட்டிடையனின் பெயர் அவருக்குத் தெரியும்.